மருத்துவக் கஞ்சாவும் பொலிஸாரின் கவலைகளும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்றுமதிக்காக மட்டும் மருத்துவக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டதாக 2025 ஓகஸ்ட் மாதத்தில் செய்தி வெளியானதிலிருந்து, ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் இளைஞர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒரே விதமான கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகின்றனர். செய்தியின் தலைப்பு மட்டும் வேகமாகப் பரவி, அதிலிருந்த நிபந்தனைகள் பின்தங்கிவிட்டதே இதற்குக் காரணம். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்படுகின்றன. சட்டத்தை நடைமுறைப்படுத்துவோர் எதற்கு அஞ்சுகிறார்கள், அந்த அச்சத்தில் எது நியாயமானது, அதனால் மலையக மக்களுக்கு என்ன நேரக்கூடும் என்பவையே இந்தப் பக்கத்தின் பொருள்.

இலங்கையில் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டதா?

இல்லை. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கஞ்சாவைப் பயிரிடுவதும், வைத்திருப்பதும், விற்பதும், கடத்துவதும் இன்றும் குற்றங்களே. ஒரு சுருட்டுக்குப் போதுமான அளவு சட்டைப்பையில் இருந்தாலும் அது குற்றம்தான்.

2025இல் அறிவிக்கப்பட்டது முற்றிலும் வேறான ஓர் ஏற்பாடு. மீரிகமவில் முதலீட்டுச் சபையின் கீழுள்ள 64 ஏக்கர் நிலத்தில், ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பாதுகாக்கப்பட்ட வளாகங்களுக்குள் பயிரிட்டு, விளைச்சல் முழுவதையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றும், ஒவ்வொருவரும் 50 இலட்சம் டொலர் முதலிடுவதோடு தனியாகப் பிணைத்தொகையும் வைப்பிலிட வேண்டும் என்றும், செடியின் எந்தப் பாகமும் உள்நாட்டுச் சந்தைக்கு வரக்கூடாது என்றும் அதிகாரிகள் அறிவித்தனர். இது திடீரென்று முளைத்த யோசனையுமல்ல. ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவது குறித்து ஆராய நிபுணர் குழுவொன்றை அமைக்கும் யோசனை, 2022 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்ட உரையிலேயே இடம்பெற்றிருந்தது. மஸ்கெலியாவில் வசிக்கும் ஒருவரைப் பொறுத்தவரையில் இந்த அறிவிப்புக்கு முன்பிருந்த சட்டத்துக்கும் பின்பிருக்கும் சட்டத்துக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

ஆயுர்வேத வைத்தியர்கள் கஞ்சாவைப் பயன்படுத்துகிறார்களே, அது எப்படி?

உள்நாட்டு வைத்தியத்தில் கஞ்சா சேரும் மருந்துகள் நெடுங்காலமாக உள்ளன. உரிய அனுமதியுடன், கட்டுப்படுத்தப்பட்ட அளவில், மருந்துத் தயாரிப்புக்காக அதைப் பெறுவதற்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. பொலிஸார் கைப்பற்றி, வழக்கு முடியும்வரை நீதிமன்றப் பாதுகாப்பில் கிடந்த கஞ்சாவே பின்னர் மருந்துத் தயாரிப்புக்கு வழங்கப்பட்டு வந்தது. வைத்தியர்களின் கைக்கு வரும்போது அது நான்கைந்து ஆண்டுகள் பழையதாகி வீரியத்தை இழந்துவிடுகிறது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன சுட்டிக்காட்டியிருந்தார். இங்கிரியவில் இராணுவக் கண்காணிப்பின் கீழ் பயிரிடும் திட்டம் அக்காலத்தில் பேசப்பட்டதற்கு இதுவே காரணமாகக் கூறப்பட்டது.

மருந்துக்கான மூலப்பொருள் ஒரு குற்ற வழக்கின் சான்றுப்பொருளாக இருந்து வந்து சேர்வது மருத்துவத்துக்கும் நல்லதல்ல, நீதிக்கும் நல்லதல்ல. எந்த நிலத்தில் விளைந்தது, என்ன பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது, எவ்வளவு பூஞ்சை பிடித்தது என்று எவருக்கும் தெரியாத பொருளை நோயாளிக்குக் கொடுக்கும் நிலை அது. முறையான வழங்கல் வழி தேவை என்போரின் வாதத்தில் மிக வலுவானது இதுவே என்பது என் கருத்து.

அப்படியானால் பொலிஸார் எதற்கு அஞ்சுகிறார்கள்?

சட்டபூர்வமாக விளைந்த பொருள் கள்ளச் சந்தைக்குக் கசிந்துவிடும் என்பதே முதல் அச்சம். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். இடையில் ஈரத்துக்கும் கூடைக்கும் என்று கழிக்கப்படும் கிலோக்கள் உண்மையில் எங்கே போகின்றன என்பது மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி. கஞ்சாவும் அவ்வாறே. பறித்த பச்சைப் பூ உலரும்போது தன் எடையில் முக்கால் பங்கையோ அதற்கும் மேலாகவோ இழந்துவிடுகிறது. காலநிலையையும் உலர்த்தும் முறையையும் பொறுத்து அந்த இழப்பு கூடும், குறையும். ஆகவே ஆயிரம் கிலோ பச்சைப் பூ உள்ளே போய், இருநூற்று முப்பது கிலோ உலர்பூ வெளியே வந்ததாகப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தால், இருநூற்று ஐம்பது வந்திருக்க வேண்டுமா என்று வெளியிலிருந்து வரும் ஒரு பொலிஸ் அதிகாரியால் உறுதியாகக் கேட்க முடியாது. அந்த இருபது கிலோ ஈரமாகவும் போயிருக்கலாம், வேலிக்கு மேலாகவும் போயிருக்கலாம். இத்துடன் வெட்டியெறியும் இலை, தண்டு, தரம் குறைந்ததென்று ஒதுக்கப்படும் பூ, ஆய்வுக்கு எடுக்கும் மாதிரி என்று பல கணக்குகள் உண்டு. கசிவு பெரும்பாலும் இத்தகைய கழிவுக் கணக்குகளில்தான் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது அச்சம் போக்குவரத்து. பண்ணைக்குள் கமெராவும் காவலும் இருந்தாலும், பொருள் லொறியில் ஏறித் துறைமுகத்துக்கோ விமான நிலையத்துக்கோ போகும் வழியில் பாதுகாப்பு தளர்வது இயல்பு. மூன்றாவது, ஊழியர்கள். நாள் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவரின் கைக்கு, வெளியே அவருடைய மாதச் சம்பளத்துக்கு மேல் விலைபோகும் பொருளைக் கொடுத்துவிட்டு, நேர்மையை மட்டும் நம்பியிருப்பது அவருக்கும் அநீதி. நான்காவதாக, அனுமதிப்பத்திரமே ஒரு மறைப்பாக மாறிவிடலாம். உண்மையான ஆவணத்தின் நகலைக் காட்டி வேறிடத்தில் விளைந்த பொருளை நகர்த்த முயல்வோர் வருவார்கள் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இந்த அச்சங்கள் எவையும் மருத்துவத்துக்கு எதிரானவை அல்ல. கணக்கையும் பதிவையும் பற்றியவை என்பதால் தீர்க்கக்கூடியவையும் ஆகும்.

சர்வதேசச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

1961ஆம் ஆண்டின் போதைப்பொருட்கள் பற்றிய தனி ஒப்பந்தம் மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கஞ்சா பயிரிடுவதைத் தடைசெய்யவில்லை. பயிரிட அனுமதிக்கும் நாடு, அபினுக்கு விதிக்கப்பட்ட அதே கட்டுப்பாட்டைக் கஞ்சாவுக்கும் கையாள வேண்டும் என்கிறது. அதாவது, எந்த நிலத்தில் யார் பயிரிடலாம் என்று அரச முகவரகம் ஒன்று தீர்மானித்து, விளைந்ததை அறுவடை முடிந்து நான்கு மாதங்களுக்குள் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஜேர்மனி 2017இல் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தபோது, உள்நாட்டு விளைச்சலை வாங்கி மருந்தகங்களுக்கு விற்பதற்கென்று அரச முகவரகம் ஒன்றை அமைத்தது இதன்படியே.

2020 டிசம்பர் 2ஆம் திகதி ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 27க்கு 25 என்ற வாக்குகளில், கஞ்சாவை அந்த ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியது. ஆனால் முதலாம் அட்டவணையில் அது தொடர்ந்து இருப்பதால் கட்டுப்பாடு குறையவில்லை. "ஐ.நா.வே அனுமதித்துவிட்டது" என்று பரப்பப்படும் தகவல் தவறானது.

மற்ற நாடுகளில் பொலிஸாரின் அச்சம் உண்மையானதா?

சில இடங்களில் உண்மையானது. கனடா 2001இல் நோயாளிகள் தாமே பயிரிடவும், தமக்காகப் பயிரிட இன்னொருவரை நியமிக்கவும் அனுமதித்தது. அனுமதித்ததை விட அதிகமாக வளர்த்து வெளியே விற்கிறார்கள் என்றும், வீடுகளில் மின்னிணைப்பைச் சுமைக்கு மீறிப் பயன்படுத்துவதால் தீ விபத்துகள் நேர்கின்றன என்றும் அங்குள்ள பொலிஸார் முறையிட்டனர். அனுமதி பெற்ற நிறுவனங்கள் மட்டுமே பயிரிடலாம் என்று 2014இல் மாற்றியபோது, மருந்து எட்டாத விலைக்குப் போய்விடும் என்று நோயாளிகள் வழக்குத் தொடுத்தனர். 2016இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பொலிஸாரின் வசதியும் நோயாளியின் தேவையும் மோதும் இடம் இதுதான்.

கலிபோர்னியாவில் 1996ஆம் ஆண்டின் மக்கள் வாக்கெடுப்பு மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. ஆனால் வழங்கலை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் 2015இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் யார் விளைவிக்கிறார், யார் விற்கிறார் என்ற தெளிவு இருக்கவில்லை. மத்திய சட்டத்துக்கு அஞ்சி வங்கிகள் கணக்குத் திறக்க மறுத்ததால் கடைகளில் ரொக்கம் குவிந்து, அவை கொள்ளையரின் இலக்காயின.

நமக்கு மிக அண்மையிலுள்ள பாடம் தாய்லாந்து. 2022 ஜூன் மாதத்தில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிய அந்நாடு, முழுமையான ஒழுங்குமுறைச் சட்டம் வருவதற்கு முன்பே கடைகளைத் திறக்க விட்டது. 2025 ஜூன் மாதத்தில் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மீண்டும் இறுக்க வேண்டியதாயிற்று. அதன் விளைவைக் கட்டுநாயக்க விமான நிலையமும் அனுபவித்தது. பேங்கொக்கிலிருந்து வரும் பயணப்பெட்டிகளில் "குஷ்" எனப்படும் வீரியம் மிக்க கஞ்சா தொடர்ந்து பிடிபட்டது. 2025 மே மாதத்தில் ஒரே பயணியின் பெட்டிகளில் 40 கிலோவுக்கு மேல் கைப்பற்றப்பட்டது.

பிடிபட்ட கஞ்சா சட்டபூர்வமாக விளைந்ததா, கள்ளத்தனமாக விளைந்ததா என்று ஆய்வில் தெரியுமா?

வழக்கமான ஆய்வில் தெரியாது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் அது கஞ்சாதானா என்பதை உறுதிப்படுத்தும். எந்த வேலிக்குள் வளர்ந்தது என்பதை இலை சொல்லாது. தணமல்வில, வெல்லவாயப் பக்கத்துக் காட்டுச்சேனையில் விளைந்ததும், கடல்வழியாக வடக்கே வந்திறங்கும் "கேரள கஞ்சா"வும், அனுமதி பெற்ற பண்ணையில் விளைந்ததும் ஆய்வுமேசையில் ஒரே பெயரைத்தான் பெறும். எனவேதான் செடிக்குச் செடி இலக்கமிடுவதும், பொதிக்குப் பொதி முத்திரையிடுவதும், அந்தப் பதிவேட்டைப் பொலிஸ் போதைப்பொருள் பணியகமும் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் எந்நேரமும் பார்க்கக்கூடியதாக வைப்பதும் அவசியமாகின்றன.

அவ்வளவு இறுக்கமாகக் கணக்கு வைப்பது நம் நாட்டில் நடக்கக்கூடிய காரியமா?

நடக்கிறது. அபினிலிருந்து வரும் மோர்பின் இதே கட்டளைச் சட்டத்துக்குள் அடங்கும் பொருள். அரச வைத்தியசாலை விடுதிகளில் அது தனி அலுமாரியில் பூட்டி வைக்கப்படுகிறது. ஓர் ஊசிக்குழாய் எடுத்தால் நோயாளியின் பெயர், கட்டில் இலக்கம், நேரம், கொடுத்த அளவு, மிச்சம் என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பணிமுறை மாறும்போது தாதியர் எண்ணிப் பார்த்து ஒப்படைக்கின்றனர். உடைந்த குழாய்க்கும் கணக்கு உண்டு. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒருவரின் வலியைத் தணிக்க இந்த நாடு இவ்வளவு காலமாக மோர்பினைக் கையாண்டு வருகிறதென்றால், கஞ்சாவைக் கையாளவே முடியாது என்று சொல்வதற்கு நியாயமில்லை. அந்தப் பதிவேட்டின் ஒழுக்கம் இல்லாமல் கையாளலாம் என்று சொல்வதற்கும் நியாயமில்லை.

சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் சோதனை இன்னும் கடுமையாகுமா?

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையிலான யாத்திரைக் காலத்தில், கினிகத்தேனை, ஹற்றன் வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பாதையில் மோப்ப நாய்களுடன் வாகனங்கள் சோதிக்கப்படுவது வழக்கம். அதிகாலைக் குளிரில் வானை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, பயணப்பைகளை வீதியோரம் வரிசையாக வைக்கச் சொல்வார்கள். நாய் ஒவ்வொரு பையாக முகர்ந்துகொண்டே போகும், சில வேளை ஒரு பையருகே அமர்ந்துவிடும். ஒவ்வொரு பருவத்திலும் சிறிதளவு கஞ்சாவுடன் இளைஞர்கள் கைதாகி ஹற்றன் நீதவான் முன் நிறுத்தப்படுகின்றனர். இவர்களில் பலர் தூர மாவட்டங்களிலிருந்து வருவோர். ஆயினும் "இப்போது அனுமதித்துவிட்டார்களாமே" என்ற பேச்சை நம்பி நம் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கக்கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். மீரிகம அனுமதி அந்தச் சோதனைச் சாவடியில் எவருக்கும் துணைக்கு வராது.

மதன மோதகம் ஆயுர்வேத மருந்துதானே, அதை வைத்திருப்பது குற்றமா?

மதன மோதகம் பாரம்பரியத் தயாரிப்பு. அதில் கஞ்சா சேருகிறது. பதிவு பெற்ற வைத்தியரிடமிருந்து முறையாகப் பெறுவது ஒரு விடயம். பாடசாலைக்கு அருகில் பெட்டிக்கடையில், வெற்றிலைக் கூறுக்கும் போதைப்பாக்குக்கும் பக்கத்தில், உருண்டையாகச் சுற்றி விற்பது வேறு விடயம். மலையக நகரங்களில் பொலிஸார் அடிக்கடி கைப்பற்றுவது இந்த இரண்டாவது வகை. மருந்துக்கென்று விட்ட சிறிய வழி எப்படிச் சந்தைக்குத் திறந்துவிடுகிறது என்பதற்குப் பொலிஸார் காட்டக்கூடிய உதாரணம் இது, அதை மறுப்பது கடினம். இதில் பாதிக்கப்படுவோர் பத்தாம் ஆண்டிலும் அதற்குக் கீழும் படிக்கும் மாணவர்கள் என்பதால், கடைக்காரருக்குப் பரிவு காட்டுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

கஞ்சாவை மருந்தாக எடுத்தவர் வாகனம் ஓட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இது கடினமான கேள்வி. ஊதிப் பார்க்கும் கருவி மதுவை மட்டுமே காட்டும். கஞ்சாவுக்கு உமிழ்நீரோ இரத்தமோ சிறுநீரோ தேவை. தொடர்ந்து பாவிப்பவரின் சிறுநீரில் அதன் எச்சம் வாரக்கணக்கில் தெரியும் என்பதால், சிறுநீர்ச் சோதனை அவர் அப்போது மயக்கத்தில் இருந்தாரா என்பதை நிரூபிக்காது. கனடாவும் அமெரிக்காவின் சில மாநிலங்களும் இரத்தத்தில் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் சேர்மம்) அளவுக்கு எல்லை வகுத்துள்ளன. மதுவைப் போல அளவும் தடுமாற்றமும் நேராகப் பொருந்துவதில்லை என்ற விமர்சனம் அங்கேயும் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான்கள் ஓடும் பாதைகளில் இது வெறும் ஆய்வுகூடப் பிரச்சினை அல்ல. உள்நாட்டு நோயாளிகளுக்கு இனிமேல் ஏதாவது அனுமதி வருமானால், இந்தச் சோதனை முறை அதற்கு முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

தேயிலை நட்டத்தில் ஓடுகிறது. மலையகத்தில் சிறு நிலத்தில் பயிரிட அனுமதி கேட்கலாமா?

இன்றுள்ள ஏற்பாட்டில் தனிநபருக்கோ சிறு உடைமையாளருக்கோ இடமில்லை. "விதை தருகிறோம், விளைச்சலை வாங்கிக்கொள்கிறோம், அனுமதி எடுத்தாயிற்று" என்று யாராவது வந்தால், அவரை நம்பி ஒரு செடியும் வைக்க வேண்டாம்.

தோட்டத் தொழிலாளருக்கு இதில் தனியான ஆபத்தும் உண்டு. லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறித் துண்டு பெரும்பாலும் அவர் பெயரில் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. பீன்ஸ் கொடிக்கு நடுவே யாரோ வைத்த நாலு செடி பிடிபட்டால், அந்தத் துண்டைக் கொத்துபவர்தான் முதலில் அழைத்துச் செல்லப்படுவார். தோட்ட நிர்வாகம் தன் ஆவணத்தைக் காட்டி விலகிவிடலாம், அவர் காட்டுவதற்கு எந்த ஆவணமும் இல்லை. காணியுரிமை இல்லாமையின் விளைவு இந்த விடயத்திலும் வந்து நிற்கிறது.

வெளிநாட்டில் வைத்தியர் எழுதித் தந்த கஞ்சா மருந்தை இங்கே கொண்டுவரலாமா?

அந்நாட்டு மருத்துவச் சீட்டு இங்கே அனுமதியாகாது. வெளிநாட்டில் வேலைசெய்து திரும்புவோர், பிறர் தரும் பொதியை "மருந்து" என்ற சொல்லுக்காக வாங்கி வர வேண்டாம்.

உண்மையாகவே கஞ்சாவால் குணமாகும் நோய்கள் உண்டா?

குணப்படுத்துவது என்பதை விடத் தணிப்பது என்பதே பொருத்தம். சிறுவர்களைத் தாக்கும் சில அரிய வகை வலிப்பு நோய்களுக்குச் சி.பி.டி. (கஞ்சாவிலுள்ள போதை தராத சேர்மம்) அடங்கிய மருந்தை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் குமட்டலுக்கும், நரம்புறை அழற்சி (மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்) நோயில் வரும் தசை இறுக்கத்துக்கும் மருந்துகள் உள்ளன. இவை அனைத்தும் அளவு குறிக்கப்பட்ட தயாரிப்புகள். புகைக்கும் கஞ்சாவுக்கு இவற்றின் பெயரால் சான்று தேடுவது சரியல்ல. பிள்ளைக்கு வலிப்பு வந்தால் நுவரெலியா, பதுளை, கண்டி வைத்தியசாலைகளில் சிறுவர் நரம்பியல் சிகிச்சைக்கு வழிகாட்டல் பெறுவதே முதற்படி.

கைது செய்யப்பட்டால் என்ன செய்ய வேண்டும்?

கைதுக்கான காரணத்தை அறியும் உரிமையை அரசியலமைப்பு தருகிறது. சந்தேகநபரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். போதைப்பொருள் வழக்குகளில் நீதவானின் உத்தரவோடு மேலும் தடுத்து வைத்து விசாரிக்க இடமுண்டு. கைப்பற்றிய பொருளை உங்கள் முன்னிலையில் நிறுத்து, பொதியிட்டு, முத்திரையிட்டார்களா என்பதைக் கவனித்து வைத்திருந்து சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். வழக்கின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் அந்த முத்திரையில்தான் இருக்கும்.

மொழி விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழியே. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தைப் புரியாமல் கையொப்பமிடச் சொன்னால், தமிழில் வாசித்து விளக்கும்படி பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அத்துமீறல் நடந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி, பதுளைப் பிராந்திய அலுவலகங்களில் முறையிடலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய "யுக்திய" என்ற பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின்போது நாடெங்கும் நடந்த பெருந்தொகைக் கைதுகள் பற்றி ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கவலை தெரிவித்ததை இங்கே நினைவில் கொள்ளலாம். வழங்கல் கசியும் என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தின் பெயரால் லயங்களை ஒட்டுமொத்தமாகச் சோதிப்பது நியாயமாகாது.

பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கு உதவி கிடைக்குமா?

கிடைக்கும். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெறவும், நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பவும் வழி செய்கிறது. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.

இது பற்றி ஊரவர்கள் பொலிஸாரிடம் என்ன கேட்கலாம்?

சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களில் கேட்பதற்கு நிறைய உண்டு. எது இன்னும் குற்றம், ஏற்றுமதி அனுமதி எதை உள்ளடக்காது என்று தெளிவாகச் சொல்லும் தமிழ் அறிவித்தலைப் பொலிஸ் நிலையத்திலும், தோட்டக் கொழுந்து மடுவத்திலும், பருவகாலத்தில் சோதனைச் சாவடியிலும் ஒட்டும்படி கேளுங்கள். போதைப்பொருள் முறைப்பாட்டைத் தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர் எந்த நாளில் கடமையில் இருப்பார் என்று கேளுங்கள். பாடசாலைச் சுற்றாடலில் மோதகம் விற்கும் கடை பற்றித் தகவல் தந்த தாயின் பெயர் வெளியே போகாது என்ற உறுதியைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பை வாசிக்கவும் சொல்லுங்கள்.